பூச்சும் புவித்தொடுப்பும்
வெளிப்புற ஏரியற் பெட்டிகள் பற்றிய ஒரு விளக்கம்

விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்றலும் கற்பித்தலும் இயலும் என்பதை, 1892 ஆம் ஆண்டு காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர் தம் வாழ்வினாலே காட்டினார். அப்பெரியார் வகுத்த நெறியில் நின்று, காட்சிக்குச் சிறிதாயினும் பெருந்தீங்கு விளைக்கவல்ல பொருளொன்றை இம்மலரில் விளக்க முற்படுகின்றோம். வெளியே பொருத்தப்படும் பூச்சிட்ட உலோகப் பெட்டியில், ஏரியலின் இணைப்பியை எவ்வாறு புவித்தொடுத்தல் வேண்டும் என்பதே அப்பொருள்.

வாவிக்கரை ஊர்களிலே இத்தகைய பெட்டிகள் இன்று பலவாகும். இணையத் தொடர்புக்கும், வானிலை அளவீட்டுக்கும், கடலிற் செல்வோருடன் பேசும் வானொலிக்கும் அவை வேண்டப்படுகின்றன. 1978 நவம்பர் 23 ஆம் நாட் சூறாவளியை அறிந்த முதியோர்க்கு, செய்தித் தொடர்பு அறுந்த ஊரின் நிலையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின்னர், அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் சிற்றலை வழியே செய்தி அனுப்பி உதவியோர் பயில்நிலை வானொலியாளரே. ஆபத்து வேளையில் பேசவேண்டிய கருவி, அதற்கு முந்திய மாதத்து இடியிற் கருகிப் போயிருப்பின் யாது பயன்?

இனிப் பொருளுக்கு வருவோம். உருக்கினாலோ அலுமினியத்தினாலோ ஆகிய பெட்டியின்மீது சுட்டு ஒட்டப்படும் தூட்பூச்சு, பெரும்பாலும் 60 முதல் 100 மைக்கிரோமீற்றர் வரை தடிப்புடையது. அது துருவைத் தடுக்கும். ஆயின் அதுவே சிறந்த காவலியுமாகும். துளையிட்டு, இணைப்பியைச் செருகி, சுரையை இறுக முறுக்கியவர் உலோகத்தோடு உலோகம் சேர்ந்தது என எண்ணுவர். உண்மையில் இரண்டுக்குமிடையே பூச்சு நிற்கின்றது. துளையின் விளிம்பில் தற்செயலாக ஒரு புள்ளி தொட்டிருத்தலும் கூடும்; உப்புக்காற்றில் அத்தொடுகை நெடுநாள் நில்லாது.

ஒரு கணக்கினால் இதனைத் தெளிவோம். இணைப்பியின் விளிம்பு 3 சதுர சென்ரிமீற்றர் பரப்பும், பூச்சு 80 மைக்கிரோமீற்றர் தடிப்பும், அதன் மின்னுழைய மாறிலி 4 உம் எனக் கொண்டால், அங்கே ஏறக்குறைய 130 பிக்கோபரட் கொள்ளளவி ஒன்று தானே அமைந்துவிடுகின்றது. 27 மெகாஹேட்ஸ் அலைக்கு அது ஏறத்தாழ 45 ஓம் தடையாகும். தாழ்ந்த அதிர்வெண்ணுக்கும் நேரோட்டத்துக்கும் அது மூடிய கதவேயாகும்.

இதனால் விளையும் கேடுகள் மூன்று. முதலாவது, கவசம் குலைதல். கடத்தியாற் சூழப்பட்ட அறையினுள் வெளி மின்னின் தாக்கம் புகாது என்பதை 1836 இல் மைக்கேல் பரடே காட்டினார். கேபிளின் உறை பெட்டியோடு சேராதவிடத்து அக்காப்பில் வாயில் திறக்கின்றது. இரைச்சல் உள்ளும் புறமும் செல்லும். இரண்டாவது, காற்றும் மழையும் ஏரியலில் ஏற்றும் நிலைமின்னுக்கு இறங்கும் வழியில்லாமை. மூன்றாவதும் கொடியதுமானது, மின்னற்பெருக்கு பூச்சைத் துளைத்துப் பொறியாகப் பாய்தல், அன்றேற் கேபிளின் வழியே கருவிக்குள்ளும் வீட்டுக்குள்ளும் புகுதல்.

ஆகவே பூச்சைச் சுரண்டிவிடின் போதுமன்றோ எனிற் போதாது. 1761 இல் ஆங்கிலக் கடற்படையினர் 'அலாம்' என்னும் கப்பலின் அடிப்பாகத்தைச் செப்புத்தகட்டினால் மூடினர். 1763 இல் நோக்கியபோது, செம்போடு தொட்டிருந்த இரும்பாணிகள் அரிபட்டிருந்தன. இடையே தாள் சிக்கியிருந்த ஆணிகளோ கெடாதிருந்தன. வேறுபட்ட இரு உலோகங்கள் உப்புநீரில் தொடுமாயின் அவற்றுள் ஒன்று கரையும் என்பது இதன் பாடம். நிக்கல் பூசிய பித்தளை இணைப்பியும் அலுமினியப் பெட்டியும் அத்தகைய இணையே. எமது வாவியோ கடலோடு கலப்பது. காற்றோ உப்பைச் சுமப்பது. எனவே தொடுகையும் வேண்டும். தொடும் இடத்தில் ஈரமும் அணுகலாகாது. இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுதலே இக்கலையின் சாரமாகும்.

செய்முறை வருமாறு. பெட்டியின் வெளிப்பூச்சைத் தொடாது, உட்புறத்தில், துளையைச் சுற்றிப் பல் வாசர் படியும் அளவுக்கு மாத்திரம் பூச்சை நீக்கி, உலோகம் ஒளிரத் தேய்த்து, மதுசாரத்தினால் துடைத்தல் வேண்டும். அவ்விடத்தில் ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் மின்தொடுப்புப் பசையை மெல்லிதாகத் தடவி, பல் வாசரையும் சுரையையும் இட்டு முறுக்குக. வாசரின் பற்கள் உலோகத்தைக் கடித்துப் பிடிக்கும். வெளிப்புறத்தே இணைப்பியின் விளிம்பின்கீழ் இரப்பர் வளையம் அமைதல் வேண்டும். வாசருக்கு அப்பால் வெறுமையாய் நிற்கும் உலோகத்துக்கு மீண்டும் பூச்சிடுக. கேபிளைப் பூட்டிய பின்னர் தன்னோடு தான் ஒட்டும் இரப்பர் நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்றி, அதன்மேல் வெயில் தாங்கும் நாடாவைச் சுற்றுக. மூடியும் பூச்சுடையதாகலின், பின்னற் செப்புப் பட்டையொன்றால் அதனைப் பெட்டியோடு இணைத்தல் நன்று. வாயுக்குழாய் மின்னற்றடுப்பியை இவ்விணைப்பிடத்திலேயே பொருத்துக. பெட்டி புவியோடு சேராவிடின் அத்தடுப்பியும் வீணே.

பெட்டியிலிருந்து நிலத்துக்குச் செல்லும் செப்புக்கம்பி 16 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாதிருத்தல் வேண்டும்; குறுகியதாயும் நேரியதாயும் கூர்வளைவு அற்றதாயும் இருத்தல் வேண்டும். கம்பியின் ஒவ்வொரு மீற்றரும் ஏறக்குறைய ஒரு மைக்கிரோ ஹென்றி தூண்டுதிறன் உடையது. ஒரு மைக்கிரோ செக்கனில் 10,000 அம்பியர் ஏறும் மின்னலில், ஒவ்வொரு மீற்றரிலும் 10,000 வோல்ற்று எழும். ஏரியலுக்கெனத் தனிக்கோல் நாட்டினால், அதனை வீட்டின் பிரதான புவித்தொடுப்போடு தவறாது இணைத்தல் வேண்டும். தனித்தனியே நிற்கும் இரு கோல்களுக்கிடையே எழும் மின்னழுத்தம் கருவியின் ஊடாகவே பாயும்.

எமது மண்ணைப் பற்றியும் ஒரு சொல். மாரியில் நீர்மட்டம் உயர்ந்து மணல் நனைந்திருக்கும்போது கோலின் தடை குறைந்து தோன்றும். கச்சான் வீசும் கோடையில் மேல்மணல் உலர்ந்து தடை பன்மடங்கு உயரும். ஆதலின் கோல் நிலைத்த ஈரத்தை எட்டுமாறு ஆழ இறங்குதல் வேண்டும். அளவீடும் கோடையிலேயே செய்யப்படுதல் வேண்டும். இடிமழை மிகும் மார்ச், ஏப்பிரல் மாதங்களுக்கும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களுக்கும் முன்னர் இணைப்புகளை ஒருமுறை சோதித்தல் நலம். மாணவர் தாமும், கேபிளைக் கழற்றிவிட்டு, மல்ரிமீற்றரின் ஒரு முனையை இணைப்பியின் உடலிலும் மறுமுனையைப் பெட்டியின் புவித்திருகாணியிலும் வைத்துப் பார்க்கலாம். இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டபோது காட்டிய அளவுக்கு மேல் ஏதும் காட்டுமாயின் அவ்விணைப்பை ஐயுறுக.

இவையாவும் செய்தபோதிலும் நேரே விழும் மின்னலை முற்றாக வெல்லுதல் இயலாது. இடி கேட்குமுன் ஏரியலைக் கழற்றி வைத்தலும், இடி முழங்கும்போது அதனை அணுகாதிருத்தலும் என்றும் மாறா விதிகளாம். கூரையிலும் கோபுரத்திலும் ஏறித் தொழில் செய்யும் எமது பழைய மாணவர் பலர். அவர் கைகளில் ஒரு துண்டு தேய்தாளும் ஒரு பல் வாசரும் ஓர் உயிரைக் காத்தல் கூடும். கண்ணுக்கு அழகிய பூச்சின்கீழ் உள்ள உண்மையைச் சோதித்தறிதலே, வகுப்பறையில் நாம் பெற்ற விஞ்ஞானக் கல்வியின் பயன் என்போம்.