தங்கத்தின் பங்கைத் தின்னும் செம்பு

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்கள் பரந்திருக்கும் கருங்கல் மலைத்தொடர் வெள்ளீயத்துக்குப் பேர்போனது, தங்கத்துக்கு அல்ல. தங்கம் வேண்டுமென்றால் கிழக்கே இறங்க வேண்டும். ரிங்லெட்டிலிருந்து சுங்கை கோயான் வழியாகக் குவாலா லிப்பிஸ் பக்கம் போனால், பாறையின் வகையே மாறிவிடுகிறது. தீபகற்ப மலேசியாவின் நடுத் தங்கப் பட்டை அங்கேதான் ஓடுகிறது. பகாங்கின் செலின்சிங், பெஞ்சோம், பழைய ரவுப் ஆகிய சுரங்கங்களெல்லாம் அந்தப் பட்டையைச் சேர்ந்தவை.

ரவுப்பில் வில்லியம் பிபி ஆஸ்திரேலிய முதலீட்டோடு சுரங்கத் தொழிலில் இறங்கியது 1889-இல். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் கிளாஸ்கோவில் ஜான் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் சயனைடு முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார்கள். கோலார் தங்கவயலில் மலைபோல் குவிந்து கிடக்கும் சயனைடு மண்மேடுகளும் அந்தக் கண்டுபிடிப்பின் மிச்சந்தான்.

முறை எளிது. தாதை மாவாக அரைத்து, நீரும் சுண்ணாம்பும் சோடியம் சயனைடும் சேர்த்துக் கலக்கி, உள்ளே காற்றைச் செலுத்துவார்கள். கண்ணுக்கே தெரியாத தங்கத் துகள்கள் கரைந்துவிடும். பிறகு கரியைப் போட்டால் தங்கம் அதில் ஒட்டிக்கொள்ளும். தேங்காய்ச் சிரட்டையில் செய்த கரிதான் இதற்கு உகந்தது. சுண்ணாம்புதான் வேலையாட்களின் உயிரைக் காப்பது. காரத்தன்மை குறைந்தால் கலவையிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பிவிடும்.

தாதில் செம்பும் இருந்தால் கணக்கு தலைகீழாகிறது. ஒரு கிராம் தங்கத்தைக் கரைக்க, ஏட்டுக் கணக்கில், அரை கிராம் சோடியம் சயனைடு போதும். செம்பு ஒரு கிலோ கரைந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ சயனைடைக் கொண்டுபோய்விடும். ஒரு டன் தாதில் இரண்டு கிராம் தங்கமும் 0.3 விழுக்காடு கரையக்கூடிய செம்பும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தங்கத்துக்குத் தேவை ஒரு கிராம் சயனைடு. செம்புக்குப் போவது ஏழு கிலோ. மாப்பிள்ளை ஒருவர், பந்தியில் உட்காருவது ஏழாயிரம் பேர்! போதாக்குறைக்கு, கரைந்த செம்பு கரியிலும் போய் ஒட்டித் தங்கத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

எல்லாச் செம்பும் இப்படியில்லை. மாலகைட், அசுரைட், கால்கோசைட் போன்ற கனிமங்கள் சயனைடில் தாராளமாகக் கரையும்; பொன்னிறமான கால்கோபைரைட் எளிதில் மசியாது. அதனால் செம்பு எவ்வளவு என்பதைவிட எந்தக் கனிமமாக இருக்கிறது என்பதைத்தான் ஆய்வுக்கூடம் முதலில் பார்க்கிறது.

செம்பு மிகுதியாக இருந்தால் சயனைடையே தொடாமல் விடுவதுண்டு. சபாவின் மாமுட் சுரங்கம் 1975 முதல் 1999 வரை அப்படித்தான் நடந்தது. அரைத்த தாதை நுரையில் மிதக்கவிட்டுச் செம்புச் செறிவைப் பிரித்துக் கப்பலேற்றினார்கள். தங்கம் அதற்குள்ளேயே பயணம் போனது. உருக்காலையில் செம்பை மின்னாற்பகுப்பால் சுத்திகரிக்கும்போது, தொட்டியின் அடியில் தங்கும் சேற்றிலிருந்து தங்கத்தை எடுப்பார்கள்.

செம்பு நடுத்தரமாக இருக்கும் தாதுதான் தலைவலி. அஜர்பைஜானின் கெடபெக் சுரங்கத்தில் செம்பு கரைந்த சயனைடு நீரில் சல்பைடையும் அமிலத்தையும் சேர்க்கிறார்கள். செம்பு திப்பியாகப் படிகிறது; விடுபட்ட சயனைடைச் சுண்ணாம்பால் பிடித்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். செம்பை விற்கவும் முடிகிறது. பெர்த் நகரின் கர்டின் பல்கலைக்கழகம் கிளைசினைக் கையிலெடுத்தது. இது ஓர் அமினோ அமிலம். தேநீருக்குச் சுவை தரும் தியானினும் அந்தக் குடும்பந்தான். கிளைசின் செம்பைக் கவனித்துக்கொள்வதால் சயனைடின் செலவு வெகுவாகக் குறைகிறது.

பணம் ஒரு பக்கம். கழிவுக் குட்டை இன்னொரு பக்கம். தனித்த சயனைடு வெயிலிலும் காற்றிலும் சிதைந்துவிடும். செம்போடு பிணைந்தது அவ்வளவு சீக்கிரம் போகாது. 2000 ஜனவரியில் ருமேனியாவின் பாயா மாரேயில் குட்டையின் கரை உடைந்து, சயனைடும் செம்பும் கலந்த ஏறக்குறைய ஒரு லட்சம் கன மீட்டர் கழிவு நீர் வெளியேறியது. திஸா ஆற்றில் மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. உலகச் சுரங்கத் தொழிலுக்குச் சயனைடு நெறிமுறை ஒன்று பிறந்தது அதன் பிறகே.

ரவுப்பின் புக்கிட் கோமான் மக்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2009-இல் அங்கே சயனைடு ஆலை ஓடத் தொடங்கியதும் தோல் அரிப்பு, கண் எரிச்சல், மூச்சுத் தொல்லை என்று புகார் சொன்னார்கள், நிறுவனம் மறுத்தது. வழக்குத் தொடுத்தும் மக்களுக்குச் சாதகமான தீர்ப்பு வரவில்லை. 2017-இல் ஆலை மூடப்பட்டது.

பகாங்கிலேயே செம்பும் தங்கமும் ஒன்றாய்க் கிடக்கும் இடம் மெங்காபூர். குவாந்தான் பக்கத்திலுள்ள அந்த மலையில் வெள்ளியும் காந்த இரும்புத்தாதும் கூட உண்டு. 1980-களிலேயே துளையிட்டுப் பார்த்தார்கள். 2021-இல் ஃபோர்ட்ரெஸ் மினரல்ஸ் நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. இத்தகைய மலையில் மேல்மண்ணருகே காற்றும் மழையும் பட்டு மாறிய செம்பு சயனைடில் கரையும். ஆழத்திலிருக்கும் செம்போ நுரையில் மிதக்கும். ஒரே மலைக்கு இரண்டு விதமான ஆலைக் கணக்குப் போட வேண்டியிருக்கும்.