பணியில் இருந்துகொண்டே துறையிடை முனைவர் பட்டம் (நலவாழ்வு அறிவியல்)

துறையிடை முனைவர் பட்ட ஆய்வு என்பது ஒரே கேள்விக்கு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துறைகளின் முறைகளைக் கொண்டு விடை தேடும் ஆய்வாகும். செவிலியர், இயன்முறை மருத்துவர், மருந்தாளுநர் போன்றோர் வேலையை விடாமல் இதைப் பகுதிநேரமாகச் செய்ய இந்தியாவில் இடமுண்டு.

காஞ்சிபுரத்தின் பட்டு நெசவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. குழித்தறியில் நெசவாளர் குழியின் விளிம்பில் அமர்ந்து, கால்களை உள்ளே விட்டு மிதிகளை மாற்றி மாற்றி மிதித்தபடி, பாவின் மேல் குனிந்து மணிக்கணக்கில் வேலை செய்கிறார். இடுப்பு, கழுத்து, முழங்கால், கண் எல்லாவற்றிலும் அதன் சுமை ஏறுகிறது. வலியை அளக்க இயன்முறை மருத்துவருக்குத் தெரியும். இருக்கையின் உயரத்தை மாற்றினால் மிதியும் நாடாவும் எப்படி இயங்கும் என்பதற்குத் தறியின் பொறியமைப்பு தெரிய வேண்டும். சேலைக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவர் ஓய்வெடுத்தால் வருமானம் என்னவாகும் என்பதோ பொருளியல். மருத்துவத்தோடு மட்டும் நின்றுவிடும் ஆய்வு, "ஓய்வெடுங்கள்" என்ற பயனற்ற அறிவுரையில்தான் முடியும். பிள்ளையார்பாளையத்து நெசவாளரை அன்றாடம் சிகிச்சையில் பார்ப்பவருக்கே இக்கேள்வி முதலில் எழும் என்பதால், பணியில் இருப்போர் ஆய்வுக்கு வருவது முக்கியமானது.

விதிகள்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 முனைவர் பட்ட ஒழுங்குவிதிகள் பகுதிநேர ஆய்வை அனுமதிக்கின்றன. தொலைதூர, இணையவழி முனைவர் பட்டத்தை அனுமதிப்பதில்லை. பகுதிநேர ஆய்வாளர் தம் நிறுவனத்திடம் தடையின்மைச் சான்று பெற வேண்டும். பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு, ஆய்வுக்குப் போதிய நேரம் கிடைக்கும், தேவைப்பட்டால் பாடங்களை முடிக்கப் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். ஆள் பற்றாக்குறையுள்ள மருத்துவமனையில் மூன்றாவது உறுதியைப் பெறுவது நுழைவுத் தேர்வைவிடக் கடினம்.

பாடங்களுக்குக் குறைந்தது 12 கிரெடிட் தேவை. ஆய்வுக் காலம் 3 முதல் 6 ஆண்டுகள். மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டுகள். பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உடையவர்களுக்கும் இன்னும் 2 ஆண்டுகள் சேர்ந்து, மொத்தம் 10 ஆண்டுகள் வரை கிடைக்கும். மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காகப் பெண்கள் 240 நாட்கள் வரை விடுப்பு எடுக்கலாம். துறையிடை ஆய்வுக்கு வேறு துறையிலிருந்தோ வேறு பல்கலைக்கழகத்திலிருந்தோ இணை நெறியாளரை அமர்த்தலாம். தலைப்பை முடிவு செய்வதற்கு முன்பே இரு நெறியாளர்களையும் ஒன்றாகச் சந்திப்பது நல்லது. பின்னர் ஒருவர் வேண்டுவதை மற்றவர் மறுத்தால் ஆண்டுகள் வீணாகும்.

நிறுவனங்கள்

தமிழ்நாட்டில் மருத்துவம் சார்ந்த கல்லூரிகள் பலவும் சென்னை கிண்டியிலுள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. சென்னை இந்திய தொழில்நுட்பக் கழகம், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் கழகம் ஆகிய மூன்றும் மருத்துவக் கருவித் துறையில் கூட்டாக முனைவர் பட்டப் படிப்பு நடத்துகின்றன. பொறியியலும் மருத்துவமும் ஒரே படிப்பில் இணைவதற்கு இது தெளிவான சான்று.

நோயாளியே ஆய்வில் பங்கேற்கும்போது

மனிதர்களை உட்படுத்தும் ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்கள் பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விளக்கி ஒப்புதல் பெறச் சொல்கின்றன. தமக்குச் சிகிச்சை அளிப்பவரே ஆய்வில் சேர அழைத்தால், மறுத்தால் கவனிப்பு குறையுமோ என்று நெசவாளர் அஞ்சக்கூடும். எனவே ஒப்புதல் வாங்கும் வேலையைச் சிகிச்சையில் தொடர்பில்லாத ஒருவரிடம் விடுவது முறை.