தச்சுமேசையும் வன்னி மரங்களும்

நம் இல்லங்களில் வழங்கும் மரப்பொருள்களின் பெயர்களை ஆராய்வார்க்கு ஓர் உண்மை புலனாகும். உளி, வாள், வாச்சி, கொட்டாப்புளி என்னும் கருவிப் பெயர்கள் தமிழ்ச் சொற்கள். மேசை, வாங்கு, அலுமாரி, யன்னல் என்பனவோ போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்து நம் நாவிற் கலந்தவை. கருவியும் கைத்திறனும் நம்மிடம் இருந்தன. பொருள்கள் சிலவே பிறர்வழி வந்தன என்பதை இப்பெயர்கள் காட்டுகின்றன. நின்றுகொண்டு மரவேலை செய்தற்குரிய தச்சுமேசையும் அவ்வாறு வந்ததே. நம் தச்சர் நிலத்தில் அமர்ந்து, மரத்தைக் காலாலும் கால்விரல்களாலும் பற்றிக்கொண்டு தொழில் புரிந்தனர். கோயில்களின் தேரும் வாகனமும் அவ்வாறே உருப்பெற்றன. ஆதலின் மேசையின்றித் தச்சுத்தொழில் இல்லை என்பது பொருந்தாது. ஆயினும் அம்முறை இளமைதொட்டுப் பயின்றார்க்கே கைவருவது. பிற தொழில் பார்த்து ஓய்வுவேளையில் மரவேலை செய்ய விழையும் இல்லத்தார்க்கு உறுதியான மேசையொன்று மூன்றாவது கையாக அமையும். அதனை வன்னிப் பெருநிலத்து மரங்களைக் கொண்டு அமைக்கும் வகையினை ஈண்டு ஆராய்வாம்.

வன்னியை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்து, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் ஊர்களுக்கு மக்கள் மீண்டகாலை, கூரையும் கதவும் யன்னலுமின்றிச் சுவர்மட்டும் நின்ற வீடுகள் பல. சுவரைக் கட்டுவோர் ஒருவராயினும், கதவு பொருந்துவதும் வாங்கு ஆடாது நிற்பதும் மரவேலை அறிந்த கையையே வேண்டி நிற்கின்றன. அத்தகைய கை வீட்டுக்குள்ளேயே இருத்தல் அவ்வீட்டுக்கு ஒரு காப்பாகும்.

தச்சுமேசையின் கடமை யாது? சீவுளி மரத்தின்மேற் செல்லும்போது கையின் விசை கிடையாகத் தள்ளுகின்றது. கொட்டாப்புளியால் உளியை அடிக்கும்போதோ விசை நேர்கீழாக இறங்குகின்றது. மெலிந்த மேசை முதலாவதற்கு ஆடும், இரண்டாவதற்குத் துள்ளும். ஆடும் மேசையிற் செலவிடும் வலிமையிற் பெரும்பங்கு மரத்தைச் சேராது வீணாகும். எனவே மேசைக்கு வேண்டும் முதற்பண்பு பாரம், இரண்டாவது அசையாமை, அழகு அவற்றிற்குப் பின்னரே. பிரான்சிய தச்சர் அந்திரே உரூபோ 1769ஆம் ஆண்டிலிருந்து வெளியிட்ட பெருநூலில் விளக்கிய மேசையும், தடித்த ஒரு பலகையின்கீழ் நான்கு பருத்த கால்களை இறுக்கிய எளிய அமைப்பேயாம். அதனினும் சிக்கலானது நமக்கு வேண்டுவதில்லை.

இனி மரத்தை நோக்குவோம். வன்னிக் காட்டில் வளரும் பாலை நீரில் அமிழும் பாரமுடையது. கன மீற்றரொன்று ஏறத்தாழ 1,100 கிலோகிராம் நிறுக்கும். முதிரை அதனினும் சிறிது இலேசானது. பொன்னிறமும் நெருங்கிய இழையும் உடையது. தேக்கு இலங்கைக்குரிய மரமன்று; ஒல்லாந்தர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டில், இங்கு கொணரப்பட்டது. அதன் பாரம் கன மீற்றருக்கு ஏறத்தாழ 650 கிலோகிராம். வேம்பு வீட்டு வளவுகளிலேயே கிடைப்பது.

பாரமே முதற்பண்பாயின் மேசை முழுவதையும் பாலையாற் செய்தல் நன்றன்றோ எனிற் கூறுதும். மேற்பலகை மிகக் கடினமாயின், அதன்மேல் வைத்துச் செய்யும் மென்மரம் நசுங்கி வடுப்படும். தவறி விழும் உளியின் வாயும் மழுங்கும். மேசை தன்மேல் வரும் பொருளுக்கு விட்டுக்கொடுத்தல் வேண்டும். ஆகவே காலும் சட்டமும் பாலையாகவோ முதிரையாகவோ இருக்க, மேற்பலகை தேக்காகவோ வேம்பாகவோ இருத்தலே தகும். வன்மை கீழும் மென்மை மேலுமாக அமைவது இம்மேசையின் இலக்கணம் எனலாம்.

இம்மரங்களைப் பெறும் வழி யாது? பாலை மிக மெதுவாக முதிர்வது. கோடையில் அதன் பழத்தைக் கரடியும் பறவையும் மனிதரும் உண்பர். ஒரு மேசைக்காக அத்தகைய மரத்தை வீழ்த்துதல் அறமன்று. 1907ஆம் ஆண்டின் காட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதியின்றி அரச காட்டில் மரந்தறித்தல் குற்றமுமாகும். நமக்கு வேண்டும் மரம் சிறிதே. பழைய வீடுகளின் தீராந்தி, வளை, கதவுநிலை என்பவற்றுள் முதிரையும் பாலையும் உண்டு. பல்லாண்டு உலர்ந்து முறுக்கு அடங்கிய அவை, புதுமரத்தினும் சிறந்தன.

பழமரத்தை வாங்குவோர் ஈண்டு ஓர் எச்சரிக்கை கொள்ளல் வேண்டும். போர் நடந்த இடங்களின் மரங்களுள் சன்னமும் எறிகணைச் சிதறலும் புதைந்திருத்தல் கூடும். பட்டை மூடி வளர்ந்துவிடுவதாற் புறத்தே தழும்பும் தெரியாது. இரும்பு மரத்திலுள்ள துவர்ப்பொருளோடு கூடுமிடத்துக் கருநீலக் கறை தோன்றும். அக்கறை கண்டவிடத்து வாளை நிறுத்தி, காந்தமொன்றைச் செலுத்திப் பார்த்த பின்னரே அறுத்தல் வேண்டும். இன்றேல் வாளும் கெடும், கையும் ஊறுபடும்.

புதுமரமாயின் உலர்த்துதல் இன்றியமையாதது. அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு என்பது தச்சர் கொள்ளும் கணக்கு. நிழலில் பலகைகளுக்கிடையே சிறு சலாகைகள் வைத்து அடுக்கி, முனைகளில் மெழுகோ தீந்தையோ பூசுதல் வேண்டும். மரம் நீளப்பாட்டிற் பெரிதும் சுருங்காது; அகலப்பாட்டிலேயே சுருங்கும். அதனுள்ளும் ஆண்டுவளையத்தை ஒட்டிய திசையிற் சுருக்கம், மையத்தினின்று புறஞ்செல்லும் திசையிலுள்ளதன் ஏறத்தாழ இருமடங்காகும். வன்னியிலோ சோழகக் காற்று வீசும் கோடையில் மரம் காய்ந்து ஒடுங்கும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் ஈரமேறிப் பருக்கும். எனவே மேற்பலகையை ஒரே அகலமாக இறுக்காது, இரு பலகைகளாக இட்டு நடுவே ஓரங்குல இடைவெளி விடுதல் நன்று. அவ்விடைவெளி பருத்தற்கு இடந்தரும். உளியும் வாளும் செருகிவைக்கவும் உதவும்.

அளவுகள் வருமாறு: மேற்பலகை இரண்டு, ஒவ்வொன்றும் 5 அடி நீளம், 9½ அங்குல அகலம், 3 அங்குலத் தடிப்பு. கால்கள் நான்கு, 4 அங்குலச் சதுரம், 30 அங்குல உயரம். இருபக்கக் கால்களையும் மேலும் கீழும் 18 அங்குலக் குறுக்குச் சட்டங்களாலும், முன்பின் கால்களை 4 அடி நெடுஞ்சட்டங்களாலும் பிணைக்க. தேக்கும் பாலையுமாயின் மொத்தப் பாரம் ஏறத்தாழ 90 கிலோகிராம் ஆகும். உயரம் 33 அங்குலம் என்பது பொதுக்கணக்கு. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டின் மடிப்பு எட்டும் உயரத்தைத் தமக்குரியதாகக் கொள்க.

மூட்டுகள் பொளியும் கழுந்துமாக அமைதல் வேண்டும். ஆணியை நம்புதல் ஆகாது. பாலையில் ஆணி ஏறாது வளையும். ஏறினும் மரம் பிளக்கும். மாரியில் துருப்பிடித்து நெகிழும். குறுக்குச் சட்டங்களை மரமுளையிட்டு இறுக்குக. நெடுஞ்சட்டத்தின் கழுந்தை மட்டும் காலின் மறுபுறம் நீளவிட்டு, அதில் துளையிட்டு ஆப்பு இறுக்குக. மூட்டு தளர்ந்தால் ஆப்பை ஓர் அடி அடித்தால் இறுகும். மேசையைப் பெயர்க்க வேண்டின் ஆப்பைத் தட்டிக் கழற்றிவிடலாம். இடம்பெயர்தலை அறிந்த மக்களுக்கு இவ்வமைப்பின் பயனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அடுத்து, மரத்தைப் பற்றும் வழிகள். மேற்பலகையின் இடக்கோடியில் உயர்த்தவும் தாழ்த்தவும் கூடிய தடைமுளையொன்று போதும். சீவும் மரத்தின் முனை அதில் முட்டி நிற்கும். பலகையில் முக்கால் அங்குலத் துளைகள் சிலவிட்டு, கொல்லரிடம் வளைத்த இரும்புக் கொளுக்கியை அவற்றில் இறக்கித் தலையில் அடித்தால், அது துளையிற் சாய்ந்து இறுகி மரத்தை அழுத்திப் பிடிக்கும். பிடிச்சிராவி வாங்க இயலாதார், இரு கட்டைகளைப் பொருத்தி இடையே எதிரெதிராக ஈராப்பு செலுத்திப் பற்றலாம்.

கருவிகளைச் சிலவாகத் தொடங்குக: கைவாள், முதுகிற் பட்டை பொருத்திய சிறுவாள், சீவுளி, கால், அரை, ஓரங்குல உளிகள், கொட்டாப்புளி, துறப்பணம், மூலைமட்டம், சாணைக்கல். இவற்றுள் சாணைக்கல்லே தலையாயது. மழுங்கிய பத்து உளியினும் கூரிய ஓர் உளி மேல். மேசைக்கால்களின்கீழ்க் கருங்கல்லோ சீமெந்துக் கட்டையோ வைத்துக் கறையானை விலக்குக. மேற்பலகைக்கு ஆண்டுதோறும் எண்ணெய் பூசுக.

1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களைப் பாடசாலைகளுட் புகுத்தியது. அம்முறை நெடுங்காலம் நிலைக்கவில்லை. பாடசாலை கைவிட்டதை வீடு கைக்கொள்ளல் இயலும். பழைய கதவுநிலை மேசைக்காலாகி, அம்மேசையின்மேற் புதிய கதவொன்று உருவாகும்போது, இழந்த வீட்டின் மரம் எழும் வீட்டிற்குத் துணையாகின்றது. அதனருகே நின்று சீவல்களைப் பொறுக்கும் சிறுவன், மரத்தின் இழை எப்பக்கம் ஓடுகின்றது என்பதை ஒரு நாள் கேட்பான். அன்று அவ்வீட்டில் ஒரு தொழில் தொடங்கிற்று என்க.