ஒலிக்கூடமும் ஒரு சிறு சாவியும்

மாணவர்களே! முற்காலத்தில் ஒரு பாடலைப் பதிவு செய்யப் பெரிய ஒலிப்பதிவுக்கூடமும் காந்த நாடா எந்திரங்களும் தேவைப்பட்டன. இன்று அப்பணிகள் பலவற்றைக் கணினியில் நிறுவிய ஒரு மென்பொருளே செய்துவிடுகிறது. குரல், வீணை, மிருதங்கம் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனித் தடத்தில் பதிவு செய்யலாம். வீணையைத் தொடாமல் குரலை மட்டும் திருத்தலாம். இறுதியில் அனைத்தையும் கலந்து ஒரே பாடலாக்கலாம்.

ஜெர்மனி நாட்டு ஹாம்பர்க் நகரின் ஸ்டைன்பர்க் நிறுவனம் 1989ஆம் ஆண்டு வெளியிட்ட கியூபேஸ், இவ்வகை மென்பொருள்களுள் புகழ்பெற்றது.

பலர் பல ஆண்டுகள் உழைத்து எழுதிய நிரலைச் சில நொடிகளில் படியெடுத்துவிட முடியும். அவ்வாறு படியெடுத்தால் உழைத்தவர்க்கு ஊதியம் இல்லை. எனவே அந்நிறுவனம் தன் மென்பொருளுக்கு ஒரு பூட்டு அமைத்தது. டாங்கிள் என்னும் விரலளவுக் கருவியே அதன் சாவி. அதனைக் கணினியில் செருகியவுடன் மென்பொருள் அதனிடம் மறைமுகமாக ஒரு வினாவை எழுப்பும். சரியான விடை கிடைத்தால் மட்டுமே மென்பொருள் இயங்கும்.

ஆயினும் இப்பூட்டால் ஒரு துன்பமும் விளைந்தது. பூட்டை உடைத்தவர்கள் சாவியின்றியே பயன்படுத்தினர். பணம் கொடுத்து வாங்கியவரோ, டாங்கிளைத் தொலைத்துவிட்டால், தாம் இயற்றிய இசையைத் தாமே திறக்க இயலாமல் தவித்தார். கள்வனைத் தடுக்க வைத்த பூட்டு, உரியவரையும் வாயிலில் நிறுத்தியது. 2022ஆம் ஆண்டு வெளிவந்த கியூபேஸ் 12 டாங்கிளைக் கைவிட்டது; இணையக் கணக்கின் வழியே உரிமத்தைச் சரிபார்த்தது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. உரிமையை மீறும் நோக்குடன் இத்தகைய பூட்டை உடைப்பவர்க்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்க 2012ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது. மேலும், பூட்டு உடைத்த படிகளில் கணினியைக் கெடுக்கும் தீநிரல்கள் மறைந்திருக்கக்கூடும்.

பொருள் இல்லாதவர்க்குக் களவு ஒன்றே வழி அன்று. ஆடாசிட்டி போன்ற கட்டணமற்ற மென்பொருள்கள் உள்ளன. அவற்றைப் படைத்தவர்களே எவரும் பயன்படுத்தவும் பகிரவும் ஒப்புதல் அளித்துள்ளனர். நாம் பாடிப் பதிவு செய்த பாடலில் பிறர் தம் பெயரை இட்டுக்கொண்டால் நம் மனம் வருந்தும் அன்றோ? நிரல் எழுதியவர் மனமும் அத்தகையதே.

சொல்லும் பொருளும்
நிரல் – கணினிக்கு இடும் கட்டளைகளின் தொகுப்பு
தடம் – ஓர் ஒலி தனியே பதிவாகும் வரிசை
உரிமம் – பயன்படுத்துவதற்கு அளிக்கும் ஒப்புதல்

விடை எழுதுக
1. டாங்கிள் எவ்வாறு சாவியாகச் செயல்பட்டது?
2. பணம் கொடுத்து வாங்கியவர் அடைந்த இடர்ப்பாடு யாது?
3. படைத்தவர் உரிமை, வாங்கியவர் உரிமை ஆகிய இரண்டையும் காக்க நீ கூறும் வழி என்ன? ஐந்து வரிகளில் எழுதுக.