கியூபாவைப் பற்றி யார் பேசலாம்?

நாடு நீங்கியவர்கள் - 11

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விருந்து. கியூபாவிலிருந்து வெளியேறி வந்திருந்த எழுத்தாளர் ரெய்னால்டோ அரெனாஸும் அதில் இருந்தார். ஜெர்மானியப் பேராசிரியர் ஒருவர் அவரிடம் பேச்சுக் கொடுத்தார். உங்களுக்கு அங்கே துன்பம் நேர்ந்திருக்கலாம், ஆனாலும் நான் காஸ்ட்ரோவைப் போற்றுகிறவன், அவர் செய்ததெல்லாம் எனக்கு மகிழ்ச்சியே என்ற பொருளில் சொன்னார். அவர் முன்னால் தட்டு நிறைய உணவு இருந்தது. கியூபாவில் அதிகாரிகளைத் தவிர யாருக்கும் இப்படியொரு சாப்பாடு கிடைப்பதில்லை, காஸ்ட்ரோவைப் போற்றுகிறவர் இதைச் சாப்பிடக்கூடாது என்று சொல்லி, அரெனாஸ் அந்தத் தட்டைத் தூக்கிச் சுவரில் எறிந்தார். தன் வாழ்க்கை வரலாற்று நூலில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

சென்ற வாரம் மரியேல் துறைமுகத்தைப் பார்த்தோம். 1980 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை சுமார் 1,25,000 பேர் அங்கிருந்து படகேறி ஃபுளோரிடாவில் கரை சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் அரெனாஸ். உயிரைப் பணயம் வைத்துக் கடலைக் கடந்தவர்களுக்கு, கரைக்கு வந்த பிறகு இன்னொன்றும் காத்திருந்தது. தாங்கள் வாழ்ந்த நாட்டைப் பற்றித் தாங்கள் சொன்னதை, அந்த நாட்டில் வாழ்ந்தே இராதவர்கள் ஏற்க மறுத்தார்கள்.

புரட்சியால் சொத்தை இழந்த பணக்காரர்கள்தாம் கியூபாவை விட்டு ஓடினார்கள் என்பது உலகம் முழுக்கப் பரவியிருந்த எண்ணம். அரெனாஸ் எந்தச் சொத்தை இழந்தார்? கிழக்குக் கியூபாவின் ஒல்கின் நகருக்கு அருகே ஏழை விவசாயக் குடும்பத்தில் 1943இல் பிறந்தவர் அவர். பதின்வயதிலேயே பாடிஸ்டாவின் சர்வாதிகாரத்தை எதிர்த்த கெரில்லாக்களிடம் போய்ச் சேர்ந்தவர். புரட்சி அரசு தந்த உதவித்தொகையில் படித்தவர். முதல் நாவல் 1967இல் கியூபாவில் வெளிவந்தது. அதற்குப் பிறகு எழுதிய எந்த நாவலையும் அவரால் சொந்த நாட்டில் வெளியிட முடியவில்லை. கையெழுத்துப் பிரதிகளை ரகசியமாக வெளிநாட்டுக்கு அனுப்பினார். தன்பாலீர்ப்பாளர் என்பதாலும் எழுதியதாலும் வேட்டையாடப்பட்டு, 1970களின் நடுவில் ஹவானாவின் மோரோ கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். மரியேலில் எழுத்தாளர்களை வெளியேற விடக்கூடாது என்று உத்தரவு இருந்தது. கடவுச்சீட்டில் தன் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி 'அரினாஸ்' ஆக்கிக்கொண்டு தப்பினார்.

இந்த வரலாற்றில் எங்கே இருக்கிறது பணக்காரரின் வயிற்றெரிச்சல்? எழுத்தாளர் கியர்மோ காப்ரேரா இன்ஃபாந்தேயின் பெற்றோர் ஊரில் கம்யூனிஸ்ட் கட்சியைக் கட்டியவர்கள். அவர் லண்டனில் அகதியாக வாழ்ந்து 2005இல் அங்கேயே இறந்தார். காஸ்ட்ரோவோடு சேர்ந்து போரிட்ட தளபதி ஊபெர் மாத்தோஸ் 1959இலேயே கைதாகி 20 ஆண்டுகள் சிறையில் கழித்தார். கெரில்லாக்களின் வானொலியை நடத்திய கார்லோஸ் ஃபிராங்கி 1968இல் நாட்டைவிட்டு நீங்கினார். புரட்சியை உண்டாக்கியவர்களே அகதிகளான கதை இது. ஆனால் வெளியே ஒரே முத்திரைதான். ஹவானா இவர்களை 'புழுக்கள்' என்றது. ஹவானாவை நேசித்த வெளிநாட்டவர் பலர் இவர்களை அமெரிக்காவின் ஆட்கள் என்றார்கள்.

அந்தப் பேராசிரியர் கெட்ட எண்ணத்தோடு பேசியவர் என்று நான் நினைக்கவில்லை. அவரை நம்பவைத்தவை எல்லாம் பொய்யும் அல்ல. ஃபுளோரிடாவின் தென்முனையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டரில் ஒரு சின்னத் தீவு. அங்கே அமெரிக்கா தாங்கிப்பிடித்த ஒரு சர்வாதிகாரியை மக்கள் விரட்டினார்கள். 1961இல் லட்சக்கணக்கானவர்களுக்கு எழுத்தறிவிக்கப் பள்ளிப் பிள்ளைகள் அரிக்கேன் விளக்கோடு மலைக்கிராமங்களுக்குப் போனார்கள். அதே ஆண்டில் சி.ஐ.ஏ. ஏவிய படை பன்றிகள் வளைகுடாவில் இறங்கித் தோற்றது. ஏழைக்கும் மருத்துவர் கிடைத்தார். 1960இல் வந்த சார்த்தரும் சிமோன் தி பொவ்வாரும் சிலிர்த்துப்போய்த் திரும்பினார்கள். நாமும் அப்படித்தான். 1983இல் டெல்லி அணிசேரா மாநாட்டு மேடையில் காஸ்ட்ரோ இந்திரா காந்தியைக் கட்டியணைத்ததை இந்தியா கொண்டாடியது. சோவியத் ஒன்றியம் சிதறிய பின் கியூபா பசியில் வாடியபோது, 1992இல் மார்க்சிஸ்ட் கட்சி ஊர் ஊராகக் கோதுமை திரட்டிக் கப்பலில் அனுப்பியது. தமிழ்நாட்டுச் சுவர்களில் சே குவேராவின் முகம் இன்றும் இருக்கிறது. அந்த அன்பு உண்மையானது. ஆனால் தீவிலிருந்து வந்தவன் வாய் திறந்தபோது, அந்த அன்பே அவன் வாயைப் பொத்தியது.

அந்த அன்பில் விழுந்த முதல் பெரிய விரிசல் எபெர்த்தோ பதீயாவின் வழக்கு. கவிஞர் பதீயாவுக்கு 1968இல் கியூப எழுத்தாளர் சங்கமே பரிசு கொடுத்தது. புத்தகத்தையும் அச்சிட்டது, கூடவே அது புரட்சிக்கு எதிரானது என்று ஒரு கண்டன அறிக்கையையும் சேர்த்து. 1971 மார்ச்சில் அவரும் மனைவியும் கைதானார்கள். பாரிசின் 'லெ மோந்த்' நாளிதழில் காஸ்ட்ரோவுக்கு ஒரு கடிதம் வெளிவந்தது. சார்த்தர், பொவ்வார், ஹூலியோ கொர்த்தஸார், மரியோ வர்கஸ் யோசா, ஒக்தாவியோ பாஸ் எனக் கையெழுத்திட்டவர்களில் பெரும்பாலோர் கியூபாவை நேசித்தவர்கள். ஏப்ரல் இறுதியில் பதீயா விடுதலையானார். விடுதலையான அன்றிரவே எழுத்தாளர் சங்க மண்டபத்தில் சக எழுத்தாளர்கள் முன் நிறுத்தப்பட்டுத் தன் 'குற்றங்களை' வரிசையாக ஒப்புக்கொண்டார். தன் மனைவியையும் நண்பர்களையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினார். அந்த இரவை அரசு படம்பிடித்து வைத்திருந்தது. பாவெல் ஜிரூட் 2022இல் எடுத்த ஆவணப்படத்தின் வழியாகத்தான் உலகம் அதைக் கண்ணால் பார்த்தது. வேர்வையில் நனைந்த ஒரு மனிதன் தன்னையே கிழித்துக்கொள்கிறான்.

கடிதம் எழுதியவர்களுக்குக் காஸ்ட்ரோ என்ன பதில் சொன்னார்? பதீயா ஏன் சிறைப்பட்டார் என்று விளக்கவில்லை. ஐரோப்பாவின் சொகுசு அறைகளில் இருந்துகொண்டு ஏகாதிபத்தியத்துக்கு உதவுகிறவர்கள் என்று அவர்களைச் சாடினார். 'நீ சொல்வது உண்மையா?' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'நீ சொல்வதால் யாருக்கு லாபம்?' என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. கியூப அகதிகளின் வாழ்நாள் முழுக்க அவர்களைத் துரத்தியது இந்தக் கேள்விதான். இதற்குப் பதில் சொல்லி எந்தச் சாட்சியும் மீள முடியாது. எந்த உண்மையும் யாரோ ஒரு எதிரிக்கு எங்கோ பயன்படத்தான் செய்யும்.

அகதிகள் சொன்னது ஒன்றை எடுத்துச் சோதித்துப் பார்ப்போம். 1965 முதல் 1968 வரை கமகுவே மாகாணத்தில் 'உமாப்' என்ற பெயரில் கட்டாய உழைப்பு முகாம்கள் இருந்தன. தன்பாலீர்ப்பாளர்கள், யெகோவாவின் சாட்சிகள், பாதிரியார்கள், 'ஒழுங்கில்லாத' இளைஞர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் முள்வேலிக்குள் கரும்பு வெட்டினார்கள். வெளியேறியவர்கள் இதை ஆண்டாண்டாகச் சொன்னார்கள். ஒளிப்பதிவாளர் நெஸ்தோர் அல்மெந்த்ரோஸும் ஒர்லாந்தோ ஹிமெனெஸ் லெயாலும் 1984இல் இதை ஆவணப்படமாக்கினார்கள். எதிர்ப்பிரச்சாரம் என்று பலர் தள்ளினார்கள். ஆனால் நாட்டிலேயே தங்கிய பாடகர் பாப்லோ மிலானேஸ் அந்த முகாமில் இருந்தவர். பின்னாளில் ஹவானாவின் கார்டினலான ஹைமே ஒர்த்தேகாவும் இருந்தவர். கடைசியில் 2010இல் மெக்சிகோவின் 'லா ஹொர்னாதா' நாளிதழுக்கு அளித்த பேட்டியில் காஸ்ட்ரோவே சொன்னார்: தன்பாலீர்ப்பாளர்களுக்கு இழைக்கப்பட்டது பெரும் அநீதி, அதற்கு யாராவது பொறுப்பு என்றால் அது தானே. அரெனாஸ் நியூயார்க்கில் இறந்து அப்போது ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆகியிருந்தன. உண்மையைச் சொன்னவர்களைப் பொய்யர்கள் என்றவர்கள், அந்த இருபது ஆண்டுகளை அவருக்கு எப்படித் திருப்பித் தருவார்கள்?

அகதிகளின் மியாமியும் 'யாருக்கு லாபம்?' என்ற அதே கேள்வியைக் கையில் எடுத்தது என்பதையும் எழுதாமல் போனால் நான் நேர்மையற்றவன் ஆவேன். எமிலியோ மிலியான் அங்கே வானொலிச் செய்தியாளர், தானும் கியூப அகதி. அகதிகளுக்குள் வளர்ந்த வன்முறையைக் கண்டித்துப் பேசினார். 1976 ஏப்ரலில் அவருடைய காரில் வைக்கப்பட்ட குண்டு வெடித்து இரண்டு கால்களையும் இழந்தார். அதே ஆண்டு அக்டோபரில் பார்படோஸ் அருகே கியூப விமானம் ஒன்று குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. இளம் வாள்வீச்சு வீரர்கள் உட்பட அதில் இருந்த 73 பேரும் மாண்டார்கள். 1978இல் ஹவானாவோடு பேச்சு நடத்திய அகதிகளால்தான் சுமார் 3,600 அரசியல் கைதிகள் வெளியே வந்தார்கள், பிரிந்த குடும்பங்கள் சந்தித்தன. அவர்களைத் துரோகிகள் என்றது மியாமி.

1990 ஜூனில் நெல்சன் மண்டேலா மியாமிக்கு வந்தார். 27 ஆண்டுச் சிறைக்குப் பின் விடுதலையாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. தங்கள் போராட்டத்துக்குத் தோள்கொடுத்த காஸ்ட்ரோவைக் கைவிட மாட்டேன் என்று தொலைக்காட்சியில் சொல்லியிருந்தார். அது பொய்யில்லை. தென்னாப்பிரிக்க வெள்ளைப் படையைக் கியூபா எதிர்த்து நின்ற அங்கோலாவில் இறந்த கியூப வீரர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். ஆனால் கியூப அமெரிக்கரான மேயரும் நகரச் சபையினரும் அவருக்கு அதிகாரபூர்வ வரவேற்பை மறுத்தார்கள். கொதித்துப்போன கறுப்பின மக்கள் மியாமியின் சுற்றுலாத் தொழிலை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் புறக்கணித்தார்கள். மண்டேலாவின் மக்களுக்கு விடுதலை தேடித்தந்த அதே அரசு, அரெனாஸைச் சிறையில் தள்ளியது. இரண்டும் நடந்தவை. ஒன்று மற்றொன்றை அழிக்காது.

2021 ஜூலை 11 அன்று ஹவானாவுக்கு அருகே சான் அந்தோனியோ தே லோஸ் பாஞோஸில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். சில மணி நேரத்தில் நாடு முழுவதும் பற்றிக்கொண்டது. சோறும் மருந்தும் சுதந்திரமும் கேட்டார்கள். அமெரிக்காவின் கைக்கூலிகள் என்றது அரசு. நூற்றுக்கணக்கானோர் தண்டிக்கப்பட்டார்கள், சிலருக்கு 20 ஆண்டுகளுக்கும் மேல். பொருளாதாரத் தடைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றார்கள் வெளிநாட்டு நண்பர்கள். அந்தத் தடை கொடியது என்பதில் எனக்கு ஐயமில்லை. 1992 முதல் ஐ.நா. பொதுச்சபை அதைக் கண்டித்துத் தீர்மானம் போடுகிறது. ஆனால் தெருவில் நின்று கத்திய ஓர் இளைஞனுக்கு நீண்ட சிறைத்தண்டனை எழுதிய பேனா வாஷிங்டனில் இல்லை, ஹவானாவில் இருக்கிறது. அதன் பிறகு சில ஆண்டுகளில் லட்சக்கணக்கானோர் வெளியேறிவிட்டார்கள். புரட்சிக்குப் பின் பிறந்து, புரட்சியின் பள்ளிகளில் படித்தவர்கள் அவர்கள். எந்தச் சொத்தையும் இழந்தவர்கள் என்று இவர்களைச் சொல்ல முடியாது.

அகதி சொல்வதையெல்லாம் அப்படியே நம்புங்கள் என்று நான் கேட்கவில்லை. அகதிக்கும் கோபம் உண்டு, மறதி உண்டு, மிகைப்படுத்தலும் உண்டு. அவன் சாட்சி. சாட்சியை விசாரிக்கலாம். ஒருவரையொருவர் அறியாத பலர் ஒரே விஷயத்தைச் சொல்கிறார்களா, நாட்டில் தங்கியவர்கள் அதை உறுதிசெய்கிறார்களா, ஆவணம் என்ன காட்டுகிறது என்று துருவிக் கேட்கலாம். அவன் ஓடிவந்தவன் என்ற ஒன்றையே காரணமாக்கிச் சாட்சிக் கூண்டிலிருந்து இறக்கிவிட நமக்கு உரிமையில்லை. தொலைவிலிருந்து ஒரு நாட்டை நேசிப்பது எளிது, அதற்கான விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள். விலை கொடுத்தவரைப் பேசவிட்டு முழுக்கக் கேட்பது, நேசிப்பதாகச் சொல்கிறவரின் முதல் கடமை.

அடுத்த வாரம்: 1960க்கும் 1962க்கும் இடையில், பெற்றோர் இல்லாமல் தனியாக விமானத்தில் அனுப்பப்பட்ட 14,000 கியூபக் குழந்தைகள்.

(தொடரும்)