பருந்தைப் படம் பிடித்தல்



தோட்டத்தில் கோழி வளர்த்த எவரைக் கேட்டாலும் பருந்தைப் பற்றி நல்ல வார்த்தை வராது. தாய்க்கோழி ஒரு மாதிரியாகக் குரல் கொடுக்கும். குஞ்சுகள் ஓடிவந்து அதன் இறக்கைக்குள் நுழையும். லயத்து வாசலில் இருப்பவர்கள் கையைத் தட்டிச் சத்தம் போடுவார்கள். அதே மக்கள், கும்பாபிஷேக நாளன்று கலசத்துக்கு மேலே ஒரு செம்பருந்து வட்டமிட்டால், 'கருடன் வந்துவிட்டது' என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். குஞ்சைத் தூக்கியது எது, கும்பிடு பெற்றது எது என்று பிரித்துச் சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே மிகச் சிலர். மேலே பறப்பதெல்லாம் நமக்குப் பருந்துதான். அதுவும் கண் இமைப்பதற்குள் மரத்துக்கு அப்பால் மறைந்துவிடும். ஒரு புகைப்படம் கையில் இருந்தால், இறக்கையின் நுனி, வாலின் பட்டை, தலையின் நிறம் ஆகியவற்றை ஆற அமரப் பார்த்து, இன்ன பறவை என்று முடிவு செய்யலாம். ஆகவே, பருந்து, கழுகு, வல்லூறு, கூகை முதலான கொன்றுண்ணும் பறவைகளை எப்படிப் படம் பிடிப்பது, அப்போது எதைச் செய்யக் கூடாது என்பதை இன்று பார்ப்போம்.

எங்கள் தஞ்சோங் ரம்புத்தான் வட்டாரம் இதற்கு வாய்ப்பான இடம். ஒரு பக்கம் தித்திவங்சா மலைக்காடு. மறுபக்கம் கிந்தா பள்ளத்தாக்கு. ஈயம் தோண்டிய பழைய குட்டைகளின் மேல் செம்பருந்து தாழப் பறந்து மீன் தேடும். வளர்ந்த பறவைக்குத் தலையும் மார்பும் வெள்ளை, மற்றவை செங்கல் நிறம். இளம்பறவையோ முழுதும் பழுப்பு. அதனால்தான் பலர் அதை வேறு பறவை என்று எண்ணிவிடுகிறார்கள். காட்டோரத்தில் கொண்டையுடைய பாம்புக்கழுகு உட்கார்ந்திருக்கும். ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக் குன்றுகளின் செங்குத்துப் பாறைகளை விரும்புவது பொரி வல்லூறு. இரையின் மேல் பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகம் கொள்ளும் பறவை அது. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட இடங்களில் கருந்தோள் பருந்தைக் காணலாம். உடல் சாம்பலும் வெள்ளையும், கண் சிவப்பு. கன்றுகள் சிறியதாக இருக்கும் வரை தரை திறந்து கிடப்பதால் எலி பிடிக்க அதற்கு வசதி.

முதன்முதலில் படம் எடுப்பவர்கள் எல்லாருக்கும் ஒரே ஏமாற்றம் உண்டு. வானம் வெள்ளையாக இருக்கும். அதன் நடுவே கறுப்பாக ஒரு காகித வெட்டு இருக்கும். அதில் கண்ணும் தெரியாது, இறகும் தெரியாது. இதற்குக் காரணம் எளிது. கேமரா வானத்தின் பிரகாசத்தைக் கணக்கிட்டு வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. பறவையின் அடிப்பாகமோ நிழலில் இருக்கிறது. ஆகையால் எக்ஸ்போஷரை ஒன்று அல்லது இரண்டு ஸ்டாப் கூட்டிக்கொள்ள வேண்டும். வானம் வெளுத்துப் போனால் போகட்டும், நமக்கு வேண்டியது பறவை.

வெளிச்சம் மேலிருந்து மட்டும் வருவதில்லை. ஈயக் கழிவு மணல் பரந்து கிடக்கும் வெளுத்த நிலத்தின் மேல் பருந்து பறந்தால், மணலில் பட்ட வெயில் திரும்பி அதன் அடி இறக்கையில் விழும். அதே பறவை நூறு அடி தள்ளிச் செம்பனைக்கு மேலே போனால் கறுத்துவிடும். கருவிக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியையாவது இப்படிப்பட்ட இடத்தைத் தேடிப் போகும் பெட்ரோலுக்குச் செலவிடலாம் என்பது என் கருத்து. பழைய குட்டைக் கரைக்குச் செல்லும் மாணவர்கள் பெரியவர் துணையோடுதான் செல்ல வேண்டும். அங்கே மணல் சரியும், நீர் ஆழம்.

நேரமும் முக்கியம். காலை எட்டு மணி முதல் ஒன்பதரை வரை வெயில் சாய்வாக விழும். அப்போது பருந்துகள் இன்னும் மேலே ஏறியிருக்க மாட்டா. தரை சூடேறி, சூடான காற்று தூண்போல எழும்பத் தொடங்கிய பின்னரே அவை இறக்கையை விரித்து, அடிக்காமலே சுழன்று சுழன்று மேலே போகும். பத்து மணிக்கு மேல் அண்ணாந்து பார்த்தால் புள்ளிதான் தெரியும். கும்பாபிஷேக வேளையில் கருடன் வட்டமிடுவதற்கும் இந்தச் சூடான காற்று துணை செய்கிறது என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது! பிற்பகல் மழை விட்டதும் மற்றொரு நல்ல நேரம். நனைந்த கழுகு பட்ட மரத்தின் உச்சியில் இறக்கையை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும்.

காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். கருந்தோள் பருந்து இரை தேடும்போது காற்றை எதிர்நோக்கி, ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். காற்றும் வெயிலும் நம் முதுகுப் பக்கம் இருந்தால் அதன் முகம் நம்மை நோக்கும். மரத்தில் உட்கார்ந்திருக்கும் பறவை முன்னே சாய்ந்து எச்சமிட்டால், பெரும்பாலும் அடுத்த கணம் பறக்கப்போகிறது என்று பொருள். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காவது வேண்டும். 400 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் தொலைவிலிருந்தே எடுக்கலாம். கைப்பேசி மட்டும் உள்ள மாணவர்கள் மனம் தளர வேண்டாம். பறவை சிறியதாக விழுந்தாலும் அது இருந்த மரமும் நிலமும் படத்தில் பதிகின்றன.

இனி, செய்யக் கூடாததைச் சொல்கிறேன். கூட்டை நெருங்கிப் படம் எடுக்கக் கூடாது.

பழைய காலத்தில் கூட்டருகே எடுப்பதுதான் வழக்கம். அன்று லென்ஸ்களுக்கு நீளம் போதாது. பிலிமுக்கு வேகம் போதாது. பறவை திரும்பத் திரும்ப வரும் இடம் கூடு ஒன்றே. 1915-இல் கோலாலம்பூரில் பிறந்த லோக் வான் தோ, கேத்தே சினிமா நிறுவனத்தின் தலைவராக இருந்துகொண்டே உலகறிந்த பறவைப் படப்பிடிப்பாளராகவும் விளங்கினார். போர்க்காலத்தில் இந்தியாவில் தங்கியபோது பறவையறிஞர் சாலிம் அலியுடன் பழகி, அவரோடு பல இடங்களுக்குச் சென்றார். உயரமான மரத்தில் கூடு கட்டும் வெள்ளைவயிற்றுக் கடற்கழுகைப் படம் எடுக்க, கூட்டின் மட்டத்துக்கு மேடை எழுப்பி, அதில் மறைந்திருந்தார். 1964-இல் தைவானில் நேர்ந்த விமான விபத்தில் அவர் காலமானார். அவருடைய பொறுமையும் பொருள்வசதியும் எல்லாருக்கும் வாய்ப்பவை அல்ல. இங்கிலாந்தின் எரிக் ஹாஸ்கிங் 1937-இல் ஓர் ஆந்தையின் கூட்டருகே போனபோது, அது இருட்டில் பாய்ந்து தாக்கியதில் இடது கண்ணை இழந்தார். அதன் பின்னும் அவர் பறவைகளைப் படம் எடுப்பதை விடவில்லை.

மனிதருக்கு வரும் ஆபத்தைவிடப் பறவைக்கு வரும் ஆபத்தே பெரிது. பாம்புக்கழுகு ஒரு முறைக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். அதை ஐந்து வாரத்துக்கு மேல் அடைகாக்க வேண்டும். நாம் மரத்தடியில் நின்றால் தாய் எழுந்து போய்விடும். நண்பகல் வெயில் நேரே விழுந்தால், இறகு முளைக்காத குஞ்சு சிறிது நேரத்திலேயே துவண்டுவிடும். குரங்கும் காகமும் தாய் அகலும் சமயத்தையே பார்த்திருக்கும். கோழியைப்போல் பத்து முட்டை இடும் இனமாக இருந்தால் ஒன்று போனாலும் ஈடாகும். ஒரு முட்டை இடும் பறவைக்கு அந்த அரைமணி நேரத்தில் அந்த ஆண்டே போய்விடலாம். படம் நன்றாக வர வேண்டுமென்று மறைக்கும் கிளையை வெட்டுகிறவர்களும் உண்டு. அந்தக் கிளைதான் கூட்டுக்குக் குடை.

செம்பனைத் தோட்டங்களில் எலியை ஒழிக்க வைத்திருக்கும் கூகைப் பெட்டிகளுக்கும் இது பொருந்தும். பெட்டியைத் திறந்து எட்டிப் பார்ப்பதும், இருட்டில் இரை தேடும் கண்ணில் மின்வெளிச்சம் பாய்ச்சுவதும் வேண்டாம். அந்தி மயங்கும் வேளையில் தள்ளி நின்றால் அது வாசலுக்குத் தானே வந்து உட்காரும். எலிக்கு வைத்த நஞ்சு கூகையையும் கொல்லும் என்பதை நினைவில் வைத்து, செத்துக் கிடக்கும் கூகையைக் கண்டால் அதையும் படம் எடுத்துத் தோட்ட நிர்வாகத்திடம் காட்டுவது நல்லது.

இரை போட்டு வரவழைப்பது இன்னொரு குறுக்குவழி. லங்காவியின் கிலிம் சதுப்புக் காட்டில், படகிலிருந்து கோழித்தோலை வீசிப் பருந்துகளைக் கூட்டும் வழக்கம் இருந்துவந்திருக்கிறது. நூற்றுக்கணக்கான பேர் ஒரே மாதிரியான படத்தோடு திரும்புவார்கள். வெறும் கொழுப்பைத் தின்று பழகிய பறவை வேட்டையைக் குறைத்துக்கொள்ளும். குஞ்சுக்கும் அதையே கொடுக்கும். இதனை இயற்கை ஆர்வலர்கள் கண்டித்திருக்கிறார்கள். பருந்தைப் பிடிப்பதும் லாஸ்டிக்கால் அடிப்பதும் குற்றமாகும். நம் நாட்டில் 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. லாஸ்டிக்கும் கையுமாகத் திரியும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

கூடும் வேண்டாம், கோழித்தோலும் வேண்டாம் என்றால் பருந்தைக் கிட்டத்தில் பார்ப்பது எங்கே என்று கேட்பீர்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தஞ்சோங் துவானுக்குப் போகலாம். போர்ட் டிக்சனுக்கு அருகில், நெகிரி செம்பிலானால் சூழப்பட்டு, ஆனால் மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்த முனை அது. கலங்கரை விளக்கம் உள்ள குன்று. குளிர்காலத்தைச் சுமத்ராவில் கழித்த தேன்பருந்துகள் வடக்கே திரும்பும்போது, ரூபாட் தீவிலிருந்து ஏறத்தாழ 38 கிலோமீட்டர் கடலைக் கடந்து இங்கேதான் கரை ஏறும். கடல்மேல் சூடான காற்றுத் தூண் எழும்பாது. வழியெல்லாம் இறக்கை அடித்தே வர வேண்டும். அதனால் களைத்து, மிகத் தாழ்வாக, சில வேளைகளில் மர உச்சியைத் தொட்டுக்கொண்டு வரும். மலேசிய இயற்கைச் சங்கம் 2000-ஆம் ஆண்டில் மார்ச் மாதத்தில் இங்கே பருந்து பார்க்கும் விழாவைத் தொடங்கியது. காலை பதினொரு மணிக்குக் குன்றின்மேல் இருந்தால் போதும். தேன்பருந்தின் தலை புறாவின் தலையைப்போலச் சிறியது. முகத்தில் செதில்போன்ற சிறு இறகுகள் நெருங்கியிருக்கும். குளவிக் கூட்டைப் பிய்க்கும்போது கொட்டுப் படாமல் காப்பவை அவையே. அவ்வளவு தாழ்வாக வருவதால், அந்தச் செதில்களைக்கூடச் சாதாரண லென்ஸில் எண்ணிவிடலாம்.