பாண்டாவின் கனவு இயக்குநர்

பிடிச்ச அனிமேஷன் படத்தோட அடுத்த பாகத்தை யார் இயக்கணும்னு கேட்டா, நாம உடனே ஒரு பெரிய பேரைச் சொல்லுவோம். டிரீம்வொர்க்ஸ் வேற மாதிரி யோசிச்சாங்க.

2008ல வந்த 'குங் ஃபூ பாண்டா' ஞாபகம் இருக்கா? தொடக்கத்துல போ காணுற கனவு மட்டும் 2டில வரும். அதை இயக்கியவர் ஜெனிஃபர் யூ நெல்சன். அந்தப் படத்தோட கதைப் பிரிவுத் தலைவரும் அவர்தான். இரண்டாம் பாகம் அவர் கைக்கே போச்சு.

ஏன் கதைப் பிரிவு ஆள்? சாதாரணப் படத்துல நாலு விதமா ஷூட் பண்ணிட்டு, எடிட்டிங்ல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கலாம். அனிமேஷன்ல ஒவ்வொரு நொடியும் செலவு. அதனால முதல்ல ஸ்டோரிபோர்டு ஓவியங்களை வரிசையா ஓட்டிப் பார்த்து, எடிட்டிங்கை அங்கேயே தொடங்கிடுவாங்க. கோடிங்குக்கு முன்னாடி டிசைனை முடிவு பண்ற மாதிரி.

2011ல வந்த இரண்டாம் பாகத்துல, போவுக்குத் தன் அம்மா ஞாபகம் வர்ற காட்சிகள் மறுபடியும் 2டி. முதல் படத்துல சிரிக்க வெச்ச 2டி, இங்கே நம்மைக் கலங்க வைக்கும். உலக வசூல் 66 கோடி டாலருக்கு மேல்.

அடுத்த தடவை கனவு இயக்குநரைத் தேடுறப்போ, போஸ்டரை விட்டுட்டு என்ட் கிரெடிட்ஸ் பாருங்க. கதைப் பிரிவுல யார் இருக்காங்கன்னு பாருங்க.